ஆகாய கங்கையும் ஆயிரம் படிகளும்

கொல்லிமலைக்குச் செல்வோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அறப்பளீசுவரர் சந்நிதியை அடைகின்றனர். அங்கிருந்து ஆகாய கங்கையைக் காண ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். இறங்கியவர் ஏறியே தீரவேண்டும். முதியோருக்கு இவ்வருவி இல்லையோ என்று மூச்சிரைக்க வருவோர் முறையிடுவது நியாயமே. வாலிபர்களோ, சிரமமே அருவியின் பெருமை என்கின்றனர்.

பழனிக்கு 2004-இல் ரோப்கார் வந்ததே, இங்கும் வந்தாலென்ன எனலாம். பழனியில் உச்சியிலே விசாலமான ஆலயம் உண்டு. ஐயாற்றின் பள்ளத்தாக்கோ குறுகியது. சௌகரியம் பெருகினால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் காணவந்த காட்சியே கெடும்.

ஆதலின் படிகள் இருக்கட்டும். கைப்பிடி, இருக்கை, குடிநீர், முதலுதவி ஆகியவை வழிநெடுக வேண்டும். அருவியடியை முதியோர் சிலர் காணமாட்டார்கள். அந்த நஷ்டத்தை நாம் மறைக்கவில்லை. அருவியையே இழப்பது அதனினும் பெரிய நஷ்டமன்றோ?