டோக்கியோவைப் பார்க்கணுமா? சந்துக்குள்ள வாங்க!

டோக்கியோன்னு தேடினா முதல்ல என்ன வரும்? ஷிபுயா கிராசிங், அகிஹபாரா பொம்மைக் கடைங்க, ஆரஞ்சுக் கலர்ல டோக்கியோ டவர். எல்லாம் நல்ல இடம்தான். போங்க, போட்டோ எடுங்க. ஆனா இந்த வீடியோல நாம அங்க போகப் போறதில்ல. இந்த ஊர்ல நடந்து பார்க்க எனக்குப் பிடிச்ச நாலு ஏரியா இருக்கு. அது ஏன் பிடிக்கும்னும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். டோக்கியோ போய் பழைய கட்டடத்தைத் தேடாதீங்க, ஏமாந்துடுவீங்க. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி பெரிய பூகம்பம் வந்துச்சு. இடிஞ்சதை விட, அதுக்கப்புறம் பத்திக்கிட்ட தீயில போனதுதான் அதிகம். அப்புறம் 1945 மார்ச் 10, அமெரிக்க விமானங்க குண்டு போட்டதுல ஒரே ராத்திரியில கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் செத்தாங்க. ஊரோட கிழக்குப் பக்கம் கரியாயிடுச்சு. தப்பிச்ச வீடுங்களையும் ஊர்க்காரங்களே இடிச்சாங்க. முப்பது நாப்பது வருஷம் ஆன வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டுறது அங்க சர்வசாதாரணம்.

அப்போ பழசுன்னு என்ன மிஞ்சும்? தெரு. தீ எட்டாத இடங்கள்ல அந்தக் காலத்துச் சந்து, வளைவு, படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கு. வீடு மாறியிருக்கும், சந்து மாறியிருக்காது. டோக்கியோல நிமிர்ந்து பார்க்காதீங்க, குனிஞ்சு காலடியில பாருங்க.

யானகாவுல ஆரம்பிப்போம். யாமனோதே லைன், அதாவது ஊரைச் சுத்தி வட்டமா ஓடுற ரயில். அதுல நிப்போரி ஸ்டேஷன்ல இறங்கி மேற்கு வாசல்ல வெளிய வாங்க. கொஞ்ச தூரம் நடந்தா ஒரு படிக்கட்டு. அதுல இறங்கினா யானகா கின்சா. ரெண்டு நிமிஷத்துல நடந்து முடிச்சிடலாம், அவ்வளவு சின்னக் கடைத்தெரு. கறிக்கடையில கட்லெட் மாதிரி மென்ச்சின்னு ஒண்ணு சுடச்சுடப் பொரிச்சுத் தருவாங்க, வாங்கிக்கோங்க. டூரிஸ்ட் கூட்டம் இப்போ ரொம்ப ஜாஸ்திதான். அதனால அங்கயே நின்னுடாதீங்க.

ஏன்னா யானகாவோட அசல் விஷயம் பக்கத்துச் சந்துகள்லதான் இருக்கு. 1657ல எடோவுல, அதாவது பழைய டோக்கியோவுல, பெரிய தீவிபத்து. அதுக்கப்புறம் ஊர் நடுவுல இருந்த புத்த கோயில்கள்ல பலதை யானகா இருக்கிற இந்த மேட்டுக்கு மாத்தினாங்க. இன்னிக்கும் இந்தச் சின்ன ஏரியாவுல எழுபதுக்கும் மேல கோயில் இருக்கு. கோயில் இருந்தா கல்லறை, மரம், வெத்திடம்னு தீ தாண்ட முடியாத இடம் நிறைய. 1923லயும் 1945லயும் யானகாவோட பெரும்பகுதி தப்பிச்சதுக்கு அது முக்கியமான காரணம். இங்க இருக்கிற கல்லறைத் தோட்டத்துலதான் கடைசி ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவர், தோக்குகவா யோஷினோபு அடக்கம். அதே தோட்டத்துல ஒரு அஞ்சு அடுக்குக் கோபுரம் இருந்துச்சு. பூகம்பமும் குண்டும் அதை ஒண்ணும் பண்ணல. 1957ல ஒரு காதல் ஜோடி தீ வெச்சுத் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, கோபுரம் மொத்தமும் போச்சு. அஸ்திவாரக் கல் மட்டும் இன்னும் இருக்கு.

இப்போ மேப்பைப் பாருங்க. யானகாவுக்கு மேற்கால ஒரு தெரு, பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போகுது தெரியுதா? பேரே ஹெபிமிச்சி, பாம்புத் தெரு. எந்த இன்ஜினியரும் இப்படி ரோடு போட மாட்டான். இது ரோடே இல்ல, ஆறு! அய்சோமேன்னு ஒரு சின்ன ஆறு இங்க ஓடிச்சு. போன நூற்றாண்டுல அதுக்கு மூடி போட்டுட்டாங்க. மேல நீங்க நடக்கிறீங்க. தைத்தோ வட்டாரத்துக்கும் புங்க்யோ வட்டாரத்துக்கும் எல்லைக்கோடு இன்னும் இந்த நெளிவு மேலயே போகுது. ஆறு போயிடுச்சு, எல்லை போகல.

யானகா, நெசு, செண்டாகி இந்த மூணையும் சேர்த்து யானெசென்னு சொல்வாங்க. அந்தப் பேரைப் பரப்பினது ஒரு சின்னப் பத்திரிகை. மோரி மயுமியும் அவங்க தோழிகளும், கைக்குழந்தைகளை வெச்சுக்கிட்டிருந்த அம்மாக்கள், 1984ல ஆரம்பிச்சாங்க. பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டிகிட்ட பழைய கதை கேட்டு எழுதி, 2009 வரைக்கும் நடத்தினாங்க. பழசை இடிக்க வேண்டாம்னு ஊருக்குத் தோணினதுல அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஆனா சந்து தானா நிலைக்கும்னு நினைக்காதீங்க. 1950ல வந்த கட்டடச் சட்டப்படி தெரு நாலு மீட்டர் அகலம் இருக்கணும். அதை விடக் குறுகலான சந்துல வீட்டை இடிச்சுக் கட்டினா, சந்தோட நடுக்கோட்டுலேருந்து ரெண்டு மீட்டர் பின்னால தள்ளிதான் கட்டணும். அதனால ஒவ்வொரு வீடு புதுசாகும்போதும் சந்து அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் அகலமாகும். யானகாவுல நடக்கும்போது சுவர் ஒரே நேரா இல்லாம முன்னபின்ன இருக்கான்னு பாருங்க. உள்ள தள்ளி இருக்கிற வீடு புதுசு, முன்னால துருத்திக்கிட்டு நிக்கிறது பழசு. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரணுமே, சட்டத்துல தப்பு சொல்ல முடியாது. ஆனா இந்தச் சந்துகளோட ஆயுசு அங்க இருக்கிற பழைய வீடுங்களோட ஆயுசுதான். அதனாலதான் இப்பவே போங்கன்னு சொல்றேன்.

அடுத்தது ஊரோட மேற்குப் பக்கம். ஷிபுயாவுல இனோகஷிரா லைன் எக்ஸ்பிரஸ் ஏறினா முதல் ஸ்டாப் ஷிமோகிட்டசாவா. நம்ம ஆளுங்களுக்காக ஒரு தகவல்: 1998ல ‘முத்து’ படம் ஜப்பான்ல சக்கைப்போடு போட்டதே, அது ஓடினது ஷிபுயாவுல இருந்த சினிமா ரைஸ் தியேட்டர்ல. 2016ல மூடிட்டாங்க.

ஷிமோகிட்டசாவா அந்தக் காலத்துல வயல்வெளி. வரப்பு மேல போன ஒத்தையடிப் பாதைதான் பின்னால தெருவாச்சு, அதனால ஒண்ணும் நேரா இருக்காது. கார் நுழைய முடியாத ஊர்ல என்ன வளரும்? சின்னக் கடை வளரும். பழைய துணிக்கடை, பாட்டுக் கச்சேரி நடக்கிற நிலவறை, நாடகக் கொட்டகை. 1982ல ஹோண்டா கசுவோங்கிறவர், முன்னாள் சினிமா நடிகர், இங்க ஒரு நாடக அரங்கம் கட்டினார். கார் கம்பெனிக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. அதுக்கப்புறம் ஊரே நாடகக்காரங்க ஊராயிடுச்சு.

இங்க ஆறு இல்ல, ரயில் பாதையையே புதைச்சிட்டாங்க. முன்னெல்லாம் ஒடாக்யூ லைன் ஊர் நடுவால போகும், காலை நேரத்துல ரயில்வே கேட் மூடினா திறக்கவே திறக்காது. 2013ல ரயிலை மொத்தமா பூமிக்கு அடியில இறக்கினாங்க. மேல கிட்டத்தட்ட 1.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நாடா மாதிரி ஒரு காலி நிலம் கிடைச்சுது. நம்ம கணக்குல அங்க ஒரு பெரிய மால் வந்திருக்கணும். வரல. 2020ல போனஸ் டிராக்னு ஒண்ணு திறந்தாங்க, கீழ கடை, மேல வீடு. ஒரு புத்தகக் கடையில பீரும் விப்பாங்க. கொஞ்சம் மேக்கப் போட்ட மாதிரி இருக்குன்னு பழைய ஆளுங்க குறைப்படலாம், எனக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனாலும் காசுக்கார ரயில் கம்பெனி இவ்வளவு அடக்கமாக் கட்டினதே பெரிசு. காலையில பத்து மணிக்கே போகாதீங்க, பாதிக் கடை பூட்டியிருக்கும்.

மூணாவது ஏரியா ஜிம்போச்சோ, அதைச் சுருக்கமா சொல்லிடறேன். பழைய புத்தகக் கடை மட்டும் நூறுக்கு மேல. 1880கள்ல சுத்துவட்டாரத்துல சட்டக் கல்லூரிங்க வந்துச்சு, மாணவர்கள் பாடப் புத்தகத்தை வித்து வாங்க கடைங்க வந்துச்சு. பெரும்பாலான கடைங்க ரோட்டோட தெற்குப் பக்கத்துல வடக்குப் பார்த்து இருக்கும், வெயில் பட்டா புத்தகம் வீணாயிடும்னு. பக்கத்துலயே ஏகப்பட்ட கர்ரி ரைஸ் கடை. ஒரு கையில புத்தகம், ஒரு கையில ஸ்பூன்னு சாப்பிடலாங்கிறதுதான் காரணம்னு சொல்வாங்க.

அட்ரஸ் தேடுறதைப் பத்தி ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் தெரு தெருன்னு சொன்னேனே, பாதித் தெருவுக்கு மேல பேரே கிடையாது. பேட்டைக்கு ஒரு நம்பர், அதுக்குள்ள பிளாக்குக்கு ஒரு நம்பர், அப்புறம் வீட்டுக்கு. அதனால தெருவோட போய்த் தேடக் கூடாது, பிளாக்கைச் சுத்தி வந்து தேடணும். வழி தப்பினா கோபான்னு சின்னப் போலீஸ் கூண்டு இருக்கும். வழி சொல்றது அவங்க அன்றாட வேலை, தயங்காம கேளுங்க.

கடைசியா, யூராக்குச்சோ லைன்ல ட்சுக்கிஷிமா. ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ட்சுக்குடான்னு ஒரு பழைய மீனவர் குப்பம். முதல் தோக்குகவா ஷோகன் இயெயாசு காலத்துல ஒசாகா பக்கத்துலேருந்து வந்த மீனவங்க, ஆத்து முகத்துல ஒரு திட்டை மேடாக்கிக் குடியேறினாங்க. மிஞ்சின சின்ன மீனை சோயா சாஸ்ல சுண்டக் காய்ச்சி வெச்சாங்க. அதுதான் ட்சுக்குடானி, இப்போ ஜப்பான் முழுக்கக் கிடைக்கும். 1964 வரைக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து நேரா இங்க வர படகுதான், அந்த வருஷம்தான் பாலம் திறந்தாங்க. இப்போ மரவீட்டுக்குப் பின்னாலயே அடுக்குமாடிக் கோபுரம் நிக்கும்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் 1892ல கடலைத் தூர்த்துப் போட்ட நிலம். சதுரம் சதுரமாத் தெரு, நடுவுல ஒரே தெரு முழுக்க மொன்ஜா கடை. மொன்ஜான்னா முட்டைக்கோஸ் போட்ட தண்ணி மாவு. உங்க மேஜையிலயே சூடான இரும்புத் தகடு இருக்கும், சின்னக் கரண்டியால சுரண்டிச் சுரண்டி சாப்பிடணும். பார்த்தா, தோசை ஊத்தத் தெரியாதவங்க ஊத்தின முதல் தோசை மாதிரிதான் இருக்கும். ருசி அப்படி இல்ல. காயை முதல்ல வதக்கி, வட்டமா அணை கட்டி, நடுவுல மாவை ஊத்தணும். முதல் தடவை போறவங்க கடைக்காரங்களையே செய்யச் சொல்லுங்க, சந்தோஷமா செஞ்சு தருவாங்க. ரெண்டாவது தட்டுக்கு நீங்க கரண்டியை வாங்கிக்கலாம்.