செயற்கை மழைத் திட்டம்: நாம் கேட்க வேண்டிய கணக்கு

2025 அக்டோபர் 28 அன்று டெல்லியின் புராரி, கரோல் பாக், மயூர் விஹார் பகுதிகளுக்கு மேலே மேகங்களில் விமானம் மூலம் ரசாயனத் துகள்கள் தூவப்பட்டன. மழை பெய்தால் காற்று மாசு குறையும் என்று மக்கள் காத்திருந்தார்கள். சொல்லும்படியான மழை பெய்யவில்லை. மேகங்களில் ஈரப்பதம் 10 முதல் 15 சதவீதமே இருந்தது. இதுபோன்ற ஐந்து சோதனைகளுக்கு டெல்லி அரசு ஒதுக்கிய தொகை சுமார் 3.21 கோடி ரூபாய்.

மாசுக்கு மட்டுமல்ல, வறட்சி வரும்போதெல்லாமும் மாநிலங்கள் இந்த முறையைத் தேடுகின்றன. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆகியவை இதற்குச் செலவிட்டிருக்கின்றன. தமிழ்நாடும் 1980களிலும் 1993-94லும் முயன்றது. செலவாவது மக்கள் பணம் என்பதால், மக்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

என்ன முடியும், என்ன முடியாது?

விமானத்தால் மேகத்தை உருவாக்க முடியாது. ஏற்கெனவே நீர் செறிந்திருக்கும் மேகத்தைச் சற்றுத் தூண்டிவிடத்தான் முடியும். இதற்கு மேக விதைப்பு என்று பெயர். குளிர்ந்த உயர மேகங்களில் வெள்ளி அயோடைடு தூவினால், உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் அதைச் சுற்றிப் பனிப்படிகமாக வளர்ந்து விழும். இது 1946 முதலே அறிந்த முறை. தாழ்வான வெப்ப மேகங்களில் உப்புத் துகள்கள் ஈரத்தை இழுத்துப் பெரிய துளிகளை உண்டாக்குகின்றன. வறட்சியின் உச்சத்தில் இப்படிப்பட்ட மேகங்களே அரிதாகிவிடுகின்றன.

பலன் இடத்துக்கு இடம் மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள சோலாப்பூரில் புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 ஆண்டுகளில் நடத்திய ஆய்வில், விதைத்த மேகங்களை விதைக்காதவற்றோடு ஒப்பிட்டபோது சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழை கணக்கிடப்பட்டது. பல ஆண்டுகள் மேக விதைப்பு நடத்திய இஸ்ரேலிலோ, 2013 முதல் 2020 வரையிலான சோதனையில் சுமார் 1.8 சதவீத உயர்வே தெரிந்தது; அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நாடு திட்டத்தையே நிறுத்திவிட்டது.

ஆகவே 'விமானம் பறந்தது, மழை பெய்தது' என்பது சான்றாகாது. விதைக்காவிட்டால் எவ்வளவு பெய்திருக்கும் என்பதே சரியான கேள்வி.

அபாயங்கள்

முதல் அபாயம், பொய் நம்பிக்கை. செயற்கை மழை வரும் என்ற அறிவிப்பு, வறட்சி நிவாரணத்தையும் குடிநீர் லாரியையும் ஏரி தூர்வாருவதையும் தள்ளிப்போடும் சாக்காகிவிடக் கூடாது.

இரண்டாவது, ரசாயனம். ஒரு முறை தூவப்படும் வெள்ளி அயோடைடு மிகக் குறைவு. அதனால் பெரும் தீங்கு நேர்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஆண்டுதோறும் தூவினால் நீரையும் மண்ணையும் முன்னும் பின்னும் சோதிப்பது அரசின் கடமை.

மூன்றாவது, வதந்தி. 2024 ஏப்ரலில் துபாய் வெள்ளத்தில் மூழ்கியபோது பழி மேக விதைப்பின் மீது விழுந்தது. பெரும் புயல் அமைப்பே அந்த மழைக்குக் காரணம் என்று வானிலை அறிஞர்கள் விளக்கினர். எந்த நாளில், எங்கே, எவ்வளவு தூவப்பட்டது என்ற பதிவு பொதுவெளியில் இருந்தால் வதந்திக்கு இடமிருக்காது. அமெரிக்காவில் இத்தகைய பணியை அரசிடம் தெரிவிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை.

உங்கள் உரிமை

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளின் விவரங்களை அரசே முன்வந்து வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. வெளியிடவில்லையென்றால் திட்டத்தை நடத்தும் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி இவற்றைக் கேளுங்கள்:

1. ஒப்பந்தத்தின் நகலும் மொத்தச் செலவும்.
2. பறந்த நாள், நேரம், பகுதி. தூவிய பொருளும் அளவும்.
3. விதைத்த மேகத்தை எதனோடு ஒப்பிட்டுப் பலன் கணக்கிடப்பட்டது? கணக்கிட்டது ஒப்பந்த நிறுவனமா, வெளி அமைப்பா?
4. நீர், மண் பரிசோதனை அறிக்கை.
5. பலன் இல்லையென்றால் நிறுவனத்துக்குப் பணம் உண்டா?

30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பிறகு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். 'வணிக ரகசியம்' என்று மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது அந்தத் தகவலையும் தரலாம் என்று சட்டமே சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள்.

இழப்பு நேர்ந்தால்

பயிர் பாழானால் காரணம் மேக விதைப்பா, இயற்கையா என்ற விவாதம் முடியும்வரை காத்திருக்காதீர்கள். தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை பெறுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் இடம் சார்ந்த சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இயற்கைப் பேரிடரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ பயிர் அழிந்தால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இடுபொருள் மானியம் கோரலாம்.

மேக விதைப்பை எதிர்க்க வேண்டியதில்லை. கண்மூடி நம்பவும் வேண்டாம். உங்கள் பகுதியில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டால், விமானம் கிளம்பும் முன்பே மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் கிராம சபையிலும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் எழுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.