எலும்பும் எதிர்ப்பாற்றலும்

எலும்பு என்றவுடன் கல்லைப் போன்றதொரு பொருளையே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் இடிக்கப்பட்டு, நாள்தோறும் கட்டப்படும் வீடாகும். வளர்ந்த ஒருவரின் எலும்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. கட்டுவன ஆஸ்டியோபிளாஸ்ட் என்னும் செல்கள். இடிப்பன ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள். இடித்தலும் தேவையான பணியே. அது நின்றுபோனால் எலும்பு தடித்து, மஜ்ஜைக்கே இடமின்றிப் போகும்.

இந்த இடிக்கும் செல்கள் எக்குலத்தைச் சார்ந்தவை? கட்டும் செல்களுக்கு இவை உறவல்ல. நம் உடலுள் புகும் கிருமிகளை விழுங்கிக் காக்கும் வெள்ளணுக்களின் பங்காளிகளே இவை. மஜ்ஜையில் பிறக்கும் ஒரே மூலச் செல், ஒரு கட்டளை பெற்றால் கிருமிவிழுங்கியாகிறது. வேறொரு கட்டளை பெற்றால், பல செல்கள் ஒன்றாகக் கூடிப் பெருஞ்செல்லாகி, எலும்பின்மேல் அமர்ந்து, அமிலம் சுரந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது.

அந்தக் கட்டளையின் பெயர் ராங்க்-எல் என்னும் புரதம். 1997இல் எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தோர் இதனை டி செல்களிடம் கண்டனர். எலும்பை ஆராய்ந்தோரோ, இடிக்கும் செல்லை உருவாக்கும் பொருளை நெடுநாள் தேடி 1998இல் கண்டெடுத்தனர். ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே! ஒரே ஆளை இரண்டு ஊரார் இரண்டு பெயரிட்டு அழைத்துவந்த கதைதான். இப்புரதம் இல்லாத எலிகளை 1999இல் ஆராய்ந்தபோது, அவற்றில் எலும்பை இடிக்கும் செல்களும் இல்லை. நிணநீர்க் கணுக்களும் இல்லை.

இவ்வுறவால் விளையும் கேட்டினை முடக்குவாதத்தில் தெளிவாகக் காணலாம். இந்நோயில் எதிர்ப்பாற்றல் தன் உடலின் மூட்டுகளையே பகையெனக் கொள்கிறது. வேலியே பயிரை மேய்கிறது. வீங்கிய மூட்டில் டி செல்களும் மூட்டுச்சவ்வின் செல்களும் ராங்க்-எல்லைப் பெருக்க, இடிப்போர் கூட்டம் பெருகி எலும்பின் ஓரங்களை அரிக்கிறது. நோய் தோன்றிய முதலிரண்டு ஆண்டுகளிலேயே இவ்வரிப்பு தொடங்கிவிடக்கூடும். அரிக்கப்பட்ட பகுதி முன்போல் மீள்வது அரிது. நம் வீட்டுத் தாய்மார்கள் காலையில் விரல் மடக்க இயலாமல் நெடுநேரம் வருந்தும்போது, “வயதானால் அப்படித்தான்” என்று நாம் கடந்துபோகும் மாதங்கள் இந்த அரிப்பிற்கே உதவுகின்றன. முப்பது வயதினருக்கும் இந்நோய் வருவதுண்டு.

ஈறு வீங்கிப் பல் ஆடுவதும் இத்தகையதே. கிருமியை எதிர்க்கும் போரில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. மாதவிடாய் நின்ற பெண்டிருக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இடிப்பு மிகுவதும் நாம் அறிந்ததே.

மருத்துவம் இல்லாமலில்லை. மெதோட்ரெக்சேட் போன்றவை எதிர்ப்பாற்றலின் சீற்றத்தைத் தணிக்கின்றன. ஸ்டீராய்டு மாத்திரை வீக்கத்தை விரைவில் அடக்கும்; ஆனால் நெடுநாள் உண்டால் அதுவே எலும்பை மெலிவிக்கும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்போர் இதனை அறிவதில்லை. ராங்க்-எல்லையே நேராகத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் ஊசி 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலும்பு மெலிவுக்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை இதனைப் போடுவர். மாற்று மருந்தின்றி நடுவில் நிறுத்திவிட்டால், அடங்கியிருந்த இடிப்போர் ஒருசேர எழுந்து, முதுகெலும்பு முறிவு வரை கொண்டுசெல்வதுண்டு.