எவ்வளவு வாங்குவது?

பெரம்பலூரை அடுத்த செட்டிகுளம் பகுதிக்குச் சென்றவர்கள், வெங்காயப் பட்டறைகளைக் கண்டிருப்பார்கள். தரையினின்று சற்றே உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் புகும்படி அமைத்து, மேலே கூரை வேய்ந்திருக்கும். அறுவடைக் காலத்தில் சின்ன வெங்காயத்தின் விலை தாழும்; சில திங்கள் பொறுத்தால் ஏறக்கூடும். அந்தக் 'கூடும்' என்னும் சொல்லைக் குறித்தே, மாணவ நண்பர்களே, இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு பட்டறை இருந்தது. என் தந்தையார் விளைச்சலில் பாதியை உடனே விற்றுக் கடனை அடைப்பார். எஞ்சியதையே பட்டறையில் இடுவார். கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற நான், ஓராண்டு, முழுவதையும் இருப்பு வைக்குமாறு வாதாடி வென்றேன். விலை ஏறத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்பே அடைமழை பிடித்துக்கொண்டது. அழுகியதைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினோம். விலையைப் பற்றி நான் எண்ணியது சரியே. அளவைப் பற்றி எண்ணவேயில்லை. தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

பங்குச் சந்தையிலும் இதே கணக்குத்தான். கைமுதலில் பாதியை இழந்தவன் பழைய நிலையை அடைய, எஞ்சியதை இருமடங்காக்க வேண்டும். ஆதலால் தேர்ந்த வணிகர் இலாபத்தை எண்ணுமுன் நட்டத்தை வரையறுப்பர். கைமுதல் ரூ. 1,00,000 என்க. ஒரு வணிகத்தில் 2 விழுக்காடு, அதாவது ரூ. 2,000 வரை இழக்கலாம் என்று முடிவு செய்கிறோம். ரூ. 500 விலையுள்ள பங்கு ரூ. 480-க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று திட்டம். பங்கொன்றுக்கு நட்டம் ரூ. 20, ஆகவே 100 பங்குகள் வாங்கலாம். இவ்வாறு பத்து முறை தொடர்ந்து தோற்றாலும் ஏறக்குறைய ரூ. 81,700 கையில் நிற்கும். ஒவ்வொரு முறையும் 20 விழுக்காட்டை இழந்தவனிடமோ, சுமார் ரூ. 10,700தான் மிஞ்சும்!

இதிலும் ஓட்டை உண்டு. இரவோடிரவாக வரும் ஒரு செய்தியால் விலை 480-ஐத் தாண்டி நேரே 450-இல் தொடங்கலாம். மேலும், பத்தாகப் பிரித்தாலும் பத்தும் ஓரினமாயின் பிரித்ததாகாது. 2018-இல் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கியபோது, நான்கு வயல்களிலும் அதனையே விதைத்தவர்க்கு நான்கு வயல்களும் ஒரு வயலாயின.

அண்மையில் அரியலூர்க் கல்லூரி மாணவர் ஒருவர், படிப்புக்கென வைத்திருந்த ரூ. 2 லட்சத்தை முன்பேர வணிகத்தில் இடலாமா என்று கேட்டார். 2021-22 முதல் 2023-24 வரை, பங்குச் சந்தையின் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களுள் 100-க்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்று 'செபி' 2024-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். தாம் அந்த ஏழு பேரில் ஒருவர் என்றார். சரி, கணக்குப் பார்ப்போம் என்றேன். அவர் தாங்கக்கூடிய நட்டம் 2 விழுக்காடு, ரூ. 4,000. 2024 நவம்பரில் வந்த விதிப்படி, குறியீட்டு ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பே ரூ. 15 லட்சத்துக்குக் குறையாமல் நிறுவப்பட வேண்டும். சந்தை ஒரு விழுக்காடு இறங்கினால் நட்டம் ரூ. 15,000. ஓர் ஒப்பந்தத்தை நான்காக வெட்டித் தருவாருமில்லை.

"அப்படியானால் நான் எத்தனை வாங்கலாம், ஐயா?" என்றார்.

தாளைத் திருப்பிக் காட்டினேன். விடை சுழியாக இருந்தது.