ஜிடேனிடம் முட்டு வாங்கியவர் 'நம்ம கோச்' ஆனது எப்படி?

ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் 300 கிலோமீட்டருக்கு மேல். மேட்ச் பார்க்கணும்னா முந்தின ராத்திரியே மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். ஆனாலும் ஐ.எஸ்.எல். தொடரில் தமிழ்நாட்டுக்கு இருப்பது ஒரே அணி, சென்னையின் எஃப்.சி. அதனால் திருச்சிக்காரருக்கும் அதுதான் 'நம்ம டீம்'. அதன் முதல் கோச் ஓர் இத்தாலியர்: மார்கோ மாட்டராஸி.

யார் இவர்?

2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸின் ஜிடேன் ஒருவரின் நெஞ்சில் தலையால் முட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரர். அதே போட்டியில் இத்தாலியின் ஒரே கோலை அடித்தவரும் இவர்தான். 2014-ல் ஆட்டக்காரர், பயிற்சியாளர் என இரட்டைப் பொறுப்பில் சென்னை வந்தார்.

பழைய பெயர் மட்டும் போதுமா?

போதாது. 2015 சீசனில் அணி ஒரு கட்டத்தில் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அதற்குள் டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடித்தது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடி, 3-0 என ஜெயித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 90-வது நிமிடம் நெருங்கும்போது 1-2 எனப் பின்தங்கியிருந்த அணி, 3-2 என வென்றது. வெள்ளத்தில் நொந்துபோன ஊருக்குக் கோப்பை வந்தது. மாட்டராஸி 'நம்ம ஆள்' ஆனது அப்போதுதான்.

இந்தப் புகழ் நிலைக்குமா?

ரஷ்யாவைப் பாருங்கள். முன்னாள் கோல்கீப்பர் செர்செசோவ் பயிற்சியளித்த அணி, 2018 உலகக் கோப்பைக்கு முன் ஏழு ஆட்டங்களில் வெற்றியே பெறவில்லை. விமர்சனம் குவிந்தது. பிறகு ஸ்பெயினைப் பெனால்டியில் வீழ்த்தியதும் அவர் மீசைகூடப் பிரபலம். 2021 யூரோவில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள், வேலை போச்சு. மாட்டராஸி கதையும் அதேதான். 2016-ல் எட்டு அணிகளில் ஏழாமிடம், 2017-ல் விடைபெற்றார்.

இதில் நமக்கென்ன?

சபீர் பாஷாவைத் தெரியுமா? இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரர், இந்தியாவுக்காகவும் ஆடியவர். சென்னையின் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2022-ல் தலைமைப் பயிற்சியாளர் பாதியில் விலகியதும் மீதி ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் இவர். மாட்டராஸியைத் தெரிந்த நம்மில் எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

நட்சத்திர கோச் வந்தால் கூட்டம் வரும், டி.வி. வரும். அது தேவைதான். ஆனால் பத்து வயதுப் பையனுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுப்பவர், அவன் ஊரிலேயே ஒரு காலத்தில் ஆடியவராகத்தான் இருப்பார். அவருக்குப் போஸ்டரும் இல்லை, ஃபேன்ஸும் இல்லை. அவர் சலித்துப்போய் வருவதை நிறுத்திவிட்டால், அந்தப் பையனின் ஆட்டமும் அதோடு நின்றுவிடும்.

அடுத்த முறை காலையில் அண்ணா விளையாட்டரங்கம் பக்கம் போனால், விசிலோடு நிற்பவரிடம் பெயர் கேளுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.