மலையின் நிழலும் மதியின் நிழலும்

மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை நீளும் யாத்திரைக் காலத்திலே, ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதைக்கு உறக்கமில்லை. 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையின் உச்சியை விடியுமுன் அடைந்துவிட வேண்டும் என்பதே மலையேறுவோர் அனைவரின் நோக்கமாகும். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தபிரானுடையது என்பர். இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதி மனிதனான ஆதாமின் பெயரோடு சேர்த்துச் சொல்வர். எவராயினும் உச்சியை அடைந்ததும் கிழக்கு நோக்கியே காத்திருப்பர். மலைத்தொடர்களுக்கு மேலே செங்கதிர் தலைகாட்டும் அந்தக் கணத்தில் எழும் ஆரவாரத்தினிடையே, மேற்கே திரும்பிப் பார்ப்போர் சிலரே. ஆனால் விஞ்ஞானத்துக்கு அதிக விருந்தளிக்கும் காட்சி மேற்கேதான் இருக்கிறது.

இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலங்களின் மீது, காலைப் புகாரில் தீட்டியது போல், கருநீல நிறமான ஒரு முக்கோணம் அங்கே விரிந்து கிடக்கும். அதன் ஓரங்கள் அளவுகோல் வைத்து வரைந்தன போல நேராயிருக்கும். அது மலையின் நிழல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது சாதாரண நிழல் போலத் தரையோடு படிந்து கிடவாமல், சில வேளைகளில் எழுந்து நிற்பது போலவும், பார்ப்பவரை நோக்கிச் சாய்ந்து வருவது போலவும் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குக் காரணம் தேடியோர் பலர். வெப்பக் காற்றும் குளிர்காற்றும் அடுக்கடுக்காய் அமைந்து ஒளியை வளைப்பதால் உண்டாகும் கானல் வகை இது என்று ஒரு கருத்து நிலவியது. 1880களில் ரால்ஃப் அபர்குரோம்பி என்னும் வானிலை அறிஞர் இம்மலையில் ஏறிக் காட்சியை நேரில் ஆராய்ந்து, அக்கருத்தை மறுத்தார். நிழல் எழுவது போலத் தோன்றுவதற்குக் காரணம், முன்னே மிதந்து வரும் மூடுபனித் திரையின் மீது அது விழுவதே என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியானால் முக்கோண வடிவம் எங்கிருந்து வந்தது? மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பாக இருக்கிறது என்று பலர் எண்ணுவர். இது முழு உண்மையன்று. தட்டையான உச்சியுடைய மலையின் நிழலும், உச்சியில் நிற்பவன் கண்ணுக்கு முக்கோணமாகவே தெரியும். தண்டவாளங்கள் இரண்டும் எங்கும் ஒரே இடைவெளியிலேயே செல்கின்றன. ஆயினும் அவற்றின் நடுவே நின்று நோக்கினால் தூரத்தில் ஒரு புள்ளியில் கூடுவன போலத் தோன்றுகின்றன. (மலைநாட்டில் இதனைக் காட்டுவதற்கு நேரான தண்டவாளம் கிடைப்பதுதான் அரிது!) நிழல் என்பது தரையில் விழும் கறை மட்டுமன்று. மலையிலிருந்து தொடங்கிப் பல மைல் தூரம் நீளும், ஒளி புகாத காற்றுச் சுரங்கம் அது. உச்சியில் நிற்பவன் அச்சுரங்கத்தின் வாயில் நின்று அதன் நீளத்தை நோக்குகிறான். நீளம் மிகுதியாக இருப்பதால் தொலைக்கோடி ஒரு கூர்முனையாய்ச் சுருங்கித் தெரிகிறது. அம்முனை ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையின் நிழல் விழும் திசையிலேயே அமையும்.

நீளம் எவ்வளவு என்று கணக்கிடுவது எளிது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 1 பாகை உயர்ந்திருக்கையில் இம்மலையின் நிழல் 120 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும். அதாவது தாழ்நிலத்தைக் கடந்து கடலின் மேற்போய் விழும். 2 பாகை உயர்ந்ததும் அது பாதியாகக் குறைந்து கரையோரத்தளவில் நின்றுவிடும். 5 பாகையில் 25 கிலோமீற்றரே மிஞ்சும். நம் நாட்டில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக எழுவதால், ஒரு பாகை உயர 4 நிமிடங்களே போதும். கீழே தோட்டங்களில் பிரட்டுக் கலைந்து தொழிலாளர் கொழுந்து மலைக்கு நடக்கத் தொடங்குவதற்குள், கடல்வரை சென்ற நிழல் மலையடிவாரத்தை நோக்கி ஓடிவந்துவிடுகிறது.

இதற்கும் முன்னதாக, சூரியன் தோன்றுமுன்பே மேற்கை நோக்குபவருக்கு மற்றொரு நிழலும் தென்படும். அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று. அதன் மேலே மெல்லிய இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று. அந்த நீலப் பட்டை பூமியின் நிழலே ஆகும். காற்று மண்டலத்தின் மீது பூமி தன் நிழலைத் தானே வீழ்த்திக் காட்டுகிறது. கிழக்கே வெளிச்சம் ஏற ஏற, மேற்கே அந்நிழல் அடிவானத்துள் அமிழ்ந்து போகும். நாம் இரவு என்று அழைப்பது இந்த நிழலுக்குள் வாழும் நேரத்தைத்தான்.

இந்த நிழல்கள் எவ்வளவு தூரம் நீளக்கூடும்? சூரியன் ஒரு புள்ளியாயிருந்தால் அவற்றுக்கு முடிவே இராது. ஆனால் அது 14 இலட்சம் கிலோமீற்றர் விட்டமுள்ள பெருங்கோளம். பூமியிலிருந்து ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருப்பது. அதன் தூரம் அதன் விட்டத்தைப் போல் ஏறக்குறைய 108 மடங்கு. ஆகவே சூரிய ஒளியில் நிற்கும் எந்த உருண்டையின் முழுநிழலும், அவ்வுருண்டையின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 108 மடங்கு தூரம் சென்று கூர்ந்து முடிந்துவிடும். 10 சதமமீற்றர் விட்டமுள்ள பந்தொன்றை வெயிலில் உயரத் தூக்கினால், அதன் கருநிழல் 11 மீற்றருக்குள் தீர்ந்துபோகும். அதற்கு அப்பால் மங்கலான அரைநிழலே உண்டு. ஜெபமாலையின் மணிகளும் 108 என்பதைக் காட்டி, முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் உளர். எண்கள் ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது.

இந்தக் கணக்கைச் சந்திரனுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அதன் விட்டம் 3475 கிலோமீற்றர். எனவே அதன் முழுநிழல் சராசரி 3 இலட்சத்து 74 ஆயிரம் கிலோமீற்றர் நீளும். பூமியிலிருந்து அதன் சராசரித் தூரமோ 3 இலட்சத்து 84 ஆயிரம் கிலோமீற்றர். நிழலின் கூர்நுனி பூமியை மயிரிழையில் தொடுவதும் தவறுவதுமாய் இருக்கிறது! சந்திரன் சற்று அருகில் வந்தால் நுனி தரையைத் தொடும். அங்கே பூரண சூரிய கிரகணம். சற்று விலகினால் நுனி ஆகாயத்திலேயே முடிந்துவிடும். அப்போது சூரியன் பொன் வளையமாய்த் தோன்றும். அது கங்கண கிரகணம்.

இவ்விரண்டையும் இலங்கை கண்டிருக்கிறது. 1955 ஜூன் 20 ஆம் நாள் காலை, பூரண கிரகணத்தின் பாதை இத்தீவைக் கடந்தது. ஜூன் மாதக் கடைசியில் சூரியன் ஆண்டின் மிகத் தொலைவான நிலையை நெருங்கியிருக்கும். ஆதலால் நிழல் நீண்டிருக்கும். அதே வேளையில் சந்திரனும் பூமிக்கு அருகே இருந்தது. இரண்டும் கூடியதால், பாதையின் நடுப்பகுதியில், பிலிப்பைன் தீவுகளுக்கு மேற்கே, 7 நிமிடம் 8 விநாடி இருள் நிலவியது. இருபதாம் நூற்றாண்டில் அதனிலும் நீண்ட பூரண கிரகணம் வேறில்லை. சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைகின்றதா என்னும் ஐன்ஸ்டைனின் கூற்றைச் சோதிக்க, கருவிகளோடு ஹிங்குராக்கொடைக்கு வந்திறங்கிய வெளிநாட்டு அறிஞர்களும் இருந்தனர். பல மாத ஆயத்தத்தை மேகம் சில நிமிடங்களில் மறைத்துவிட்டது. 2010 ஜனவரி 15 இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஜனவரியில் சூரியன் அருகில் இருப்பதால் நிழல் குறுகும். சந்திரனும் அன்று தொலைவில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கங்கண கிரகணம் தெரிந்தது. இந்து சமுத்திரத்தில் வளையம் மிகக் கூடுதலாக 11 நிமிடம் 8 விநாடி நிலைத்தது. 2019 டிசம்பர் 26 இலும் வட இலங்கைக்கு வளையத்தைக் காணும் பேறு வாய்த்தது.

கிரகணம் வருமென்று அறிந்ததும் தோட்டத்து லயங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. கதவுகள் அடைபடும், அடுப்பு அணையும், கருவுற்ற பெண்ணை அறைக்குள் இருத்தி, உணவோடு தண்ணீரையும் விலக்குவர். மலையின் நிழல் நாள்தோறும் இரத்தினபுரித் தோட்டங்களின் மீது விழுந்து விலகுகிறது. அதனால் அங்கே கருவிலுள்ள குழந்தை எதற்கும் ஊனம் நேர்ந்ததில்லை. சந்திரனின் நிழலும் அதே இனத்தைச் சேர்ந்தது. அதில் புதிய கதிர் எதுவும் இல்லை. வழக்கமான ஒளி குறைந்திருக்கிறது என்பதே செய்தி. தாகத்தோடு பல மணி நேரம் இருப்பதுதான் கருவுற்றவளுக்குக் கேடு. அச்சம் தோட்ட மக்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணுவதும் தவறு. 1955 இல், கிரகண வேளையில் வசம்பு சேர்ந்த பானம் ஒன்றைக் குடித்தால் மேனி அழகு பெறும் என்னும் வதந்தி நாட்டில் பரவி, அதனை நம்பிக் குடித்தவர் பலர் நோயுற்று ஆஸ்பத்திரிகளை நாட வேண்டியதாயிற்று.

கிரகணத்தில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அது கண்ணுக்கு. ஓரளவே மறைந்த சூரியனை நேரே நோக்கினால், விழித்திரை வலியின்றியே எரிந்துபோகும், பின்னர் மருந்தில்லை. புகையூட்டிய கண்ணாடி, எக்ஸ்ரே படம், மஞ்சள் கரைத்த நீரில் தெரியும் பிம்பம் எதுவும் பாதுகாப்பன்று. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிலத்தை நோக்குவதே நல்லது. தேயிலைக்கு நிழல் தரும் மரங்களின் இலையிடைவெளிகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் கமெராவாகி, மண்ணில் நூற்றுக்கணக்கான பிறைச் சூரியன்களைத் தெளித்திருக்கும். சமையலறை அரிதட்டின் துளைகளும் அவ்வேலையைச் செய்யும். இக்காட்சியைக் காணவிடாமல் பிள்ளைகளை அறைக்குள் அடைப்பது பெரிய இழப்பு.

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் அச்சமின்றிப் பார்க்கலாம். அதில் பூமியின் நிழல் சந்திரன் மீது விழுகிறது. அந்நிழல் ஏறத்தாழ 14 இலட்சம் கிலோமீற்றர் நீளமுடையது. சந்திரன் இருக்கும் தூரத்திலும் அது சந்திரனைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் அகன்றிருப்பதால், கிரகணம் நெடுநேரம் நீடிக்கும். 2018 ஜூலை 27 ஆம் நாள் இரவு தொடங்கியது 103 நிமிடம் பூரணமாய் நின்றது. முழுநிழலுக்குள்ளும் சந்திரன் செம்பு நிறமாய்த் தெரிவது ஏனெனில், பூமியைச் சூழ்ந்த காற்று சிவந்த ஒளியை வளைத்து உள்ளே அனுப்புகிறது. அந்த வேளையில் பூமியெங்கும் நிகழும் உதயங்கள், அத்தமனங்கள் அனைத்தின் செம்மையும் ஒன்றாய்ச் சேர்ந்து சந்திரன் மேல் விழுகிறது எனலாம்.

தொலைவிலுள்ள நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களில் பெரும்பாலானவற்றையும் விஞ்ஞானிகள் நிழலைக் கொண்டே கண்டுபிடித்தனர். கிரகம் குறுக்கே செல்லும்போது நட்சத்திரத்தின் ஒளி இம்மியளவு மங்கும். 2009 இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இம்முறையால் 2600 க்கு மேற்பட்ட கிரகங்களை இனங்கண்டது. 2019 ஏப்ரல் 10 இல் வெளியான பிரசித்தி பெற்ற படத்தில், ஐந்தரைக் கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள கருந்துளையொன்றைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் நடுவே தெரியும் இருளையும் விஞ்ஞானிகள் நிழல் என்றே அழைக்கின்றனர்.

அவ்வளவு தூரம் போக இயலாதோர், ஒரு கோலின் நிழலைக் கொண்டு பூமியை அளக்கலாம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டில் எரடோஸ்தெனிஸ் என்பார் செய்தது இதுவே. இலங்கையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரையிலான நாள்களில் சூரியன் ஒவ்வோர் ஊருக்கும் நேர் உச்சியில் வருகிறது. நுவரெலியாவுக்கு அந்நாள் ஏப்ரல் 7 அல்லது 8. அன்று நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில், பாடசாலை முற்றத்தில் செங்குத்தாய் நட்ட ஒரு மீற்றர்க் கோலுக்கு நிழலே இராது. அதே நாள் நண்பகலில் யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் நட்ட ஒரு மீற்றர்க் கோலுக்கு, வடக்கு நோக்கி 4.7 சதமமீற்றர் நிழல் விழும். அதனைத் தாளில் வரைந்து பாகைமானியால் அளந்தால் கோணம் 2.7 பாகை. இரு நகரங்களுக்கும் இடையே தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். 2.7 பாகைக்கு 300 கிலோமீற்றர் எனில், முழு வட்டமாகிய 360 பாகைக்கு 40,000 கிலோமீற்றர். அது பூமியின் சுற்றளவு. இரண்டு கோல்களும், மழைமேகம் விலகிய ஒரு நண்பகலும், யாழ்ப்பாணத்து மாணவர்க்கு எழுதும் ஒரு கடிதமும் இருந்தால் போதும்.