நவம்பர் 1-க்குள் ஒரு மதிப்பெண்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில் நவம்பர் 1 என்ற தேதியை மறக்க முடியாது. பல பெரிய பல்கலைக்கழகங்களின் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு அதுதான் கெடு. டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துவிடும். ‘எர்லி டிசிஷன்’ என்றால் இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். ‘எர்லி ஆக்‌ஷன்’ என்றால் அந்தக் கட்டு இல்லை. எதுவானாலும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எப்போது எழுதி மதிப்பெண்ணை எப்போது வாங்குவது என்ற கணக்கில்தான் பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

எஸ்.ஏ.டி. தொடங்கியது 1926-ல். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல், தேர்வு எழுதிய பிள்ளைக்கே தன் மதிப்பெண் தெரியாது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் மட்டும்தான் போகும். 1958-ல்தான் மாணவருக்கும் சொல்லத் தொடங்கினார்கள்.

தொண்ணூறுகளில் நடந்தது இதுதான். ஜூனில் ஒரு தேர்வு, அதை விட்டால் அக்டோபர். கோடை முழுக்க உட்கார்ந்து படித்த பிள்ளைக்கும் அந்தக் கோடையில் எழுத வழியில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, பென்சிலால் வட்டங்களைக் கருக்க வேண்டும். கல்லூரிகளின் நான்கு இலக்க எண்களையும் குறித்துக் கொடுக்கலாம், எம்.ஐ.டி.க்கு 3514. நான்கு கல்லூரிகளுக்குக் கட்டணமின்றி மதிப்பெண் போகும். ஆனால் எவ்வளவு வாங்கினோம் என்று தெரியும் முன்பே அந்த முடிவை எடுத்தாக வேண்டும். முந்தைய தேர்வுகளின் மதிப்பெண்ணும் சேர்ந்தே போகும். பிறகு வாரக்கணக்கில் தபாலுக்குக் காத்திருப்பு. உறை வருவதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்திருக்கும். நம்பிக்கையில் விண்ணப்பம் முன்னே போகும். மதிப்பெண் பின்னால் வரும்.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை 2005 அக்டோபர் தேர்வு காட்டியது. முன்கூட்டி விண்ணப்பிப்போர் பெரிதும் நம்பும் தேர்வு அது. விடைத்தாள்கள் ஈரப்பதத்தில் உப்பிப்போக, வருடும் கருவி வட்டங்களைத் தவறாகப் படித்தது. 4,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு உரியதைவிடக் குறைந்த மதிப்பெண் போயிற்று. சிலருக்கு நூற்றுக்கணக்கில் குறைந்தது. இரண்டு மாணவர்கள் தங்கள் விடைத்தாளைக் கையால் திருத்தக் கேட்டதால்தான் விஷயம் கிளம்பியது. வெளியுலகுக்குத் தெரிந்தது 2006 மார்ச்சில். டிசம்பர் முடிவுகள் அதற்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளில் சிலர் மூன்று மாதம் தங்களையே குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

அதே 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும், முன்கூட்டிய சேர்க்கை வசதியுள்ளவர்களுக்கே சாதகமாகிறது என்று அதைக் கைவிட்டன. 2011-ல் இரண்டும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. இடையில் 2009-ல், எந்த நாள் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று மாணவரே தேர்ந்துகொள்ளும் வசதி வந்தது. பெரிய மாற்றம் என்று நான் சொல்வது 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கிய கோடைத் தேர்வைத்தான். பள்ளி வேலை தலைக்கு மேல் ஏறும் முன் எழுதலாம். பிடிக்காவிட்டால் அக்டோபர் இருக்கிறது.

2020-ல் கொரோனா வந்து தேர்வுகள் ரத்தாக, பல கல்லூரிகள் மதிப்பெண் கட்டாயமில்லை என்றன. எம்.ஐ.டி. 2022-ல் திரும்பக் கேட்டது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் தொடர்ந்தன. டார்ட்மத் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: மதிப்பெண்ணை அனுப்பியிருந்தால் இடம் கிடைக்க உதவியிருக்கும் ஏழைப் பிள்ளைகள் சிலர், போதாது என்று தாங்களே நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள்.

இன்று பென்சிலும் தாளும் போய், மடிக்கணினியில் ‘புளூபுக்’ செயலி. வெளிநாடுகளில் 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் வந்தது. 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்தோமோ அதற்கேற்ப இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். 2024 அக்டோபர் 5 தேர்வின் மதிப்பெண் அக்டோபர் 18-லேயே வந்தது. பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவர் தாமே நிரப்பும் மதிப்பெண்ணை ஏற்றுக்கொண்டு, சேரும்போது அதிகாரபூர்வச் சான்றைக் கேட்கின்றன.

காத்திருப்பு குறைந்தது உண்மை. பாரம் குறைந்ததா? இல்லை, அது முன்னே நகர்ந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு வசந்தத்தில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்று எழுதுகிறது விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை. செப்டம்பரில் கேள்விப்படும் பிள்ளைக்கு ஒரே வாய்ப்பு, அதுவும் இடம் கிடைத்தால். கலிபோர்னியாவில் அருகில் மையம் கிடைக்காமல் பல மணி நேரம் காரில் போய் எழுதும் பிள்ளைகள் உண்டு. எழுத விரும்பும் பிள்ளைக்கு ஊரிலேயே இடம் தராமல், மதிப்பெண்ணைக் கட்டாயமாக்குவது நியாயமில்லை.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை உள்ள பெற்றோருக்கு, சென்னையானாலும் சிகாகோவானாலும், ஒரு வார்த்தை. ஆகஸ்ட் தேர்வுக்குக் கோடை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். அக்டோபரைக் கைவசம் வைத்திருங்கள். எந்த மாதத் தேர்வு வரை ஏற்பார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பிலேயே பாருங்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்கள் இரண்டு முறை கட்டணமின்றி எஸ்.ஏ.டி. எழுதலாம். பள்ளி ஆலோசகரிடம் கேட்டால் வழி சொல்வார். கேட்கத் தயங்க வேண்டாம்.